கிராணிக்குத் தெரிந்தது

என்னிடம் ஒரு செக்ரோல் புத்தகம் இருக்கிறது. மலேசியாவின் ஜொகூரில், கூலாய்ப் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் ஆபீஸைக் காலி செய்தபோது குப்பையோடு குப்பையாகக் கிடந்ததை அப்பா சைக்கிள் கேரியரில் வைத்துக் கட்டி எடுத்துவந்தார். 1964-ஆம் ஆண்டு வருகைக் கணக்கு. விரித்தால் மேசை நிறைந்துவிடும். இடது ஓரத்தில் நம்பர், அடுத்துப் பெயர், அதன்பின் 1 முதல் 31 வரை குட்டிக் கட்டங்கள். விடியற்காலையில் ஆட்களை வரிசையில் நிறுத்தும் பெரட்டில் பேர் கூப்பிட்டுக் கிராணி, அதாவது தோட்டக் குமாஸ்தா, போட்ட கோடுகள் அந்தக் கட்டங்களில் நிற்கின்றன. முழு நாளுக்கு முழுக்கோடு, அரை நாளுக்கு அரைக்கோடு. ஆகஸ்ட் மாதப் பக்கத்தில் ஒரு வரியில் மட்டும் நம்பரும் பெயரும் இல்லை. ஒழுகிய கூரைத் தண்ணீர் கரைத்துவிட்டது. கோடுகள் அப்படியே இருக்கின்றன. எண்ணிப் பார்த்தேன், 24 நாள். யாரோ ஒருவர் அந்த மாதம் 24 நாள் பால் வெட்டியிருக்கிறார்.

தரவுத்தளப் பாடம் சொல்லிக்கொடுப்பது என் பிழைப்பு. ஒவ்வொரு பருவத்தின் முதல் வகுப்பிலும் இந்தப் பக்கத்தைத்தான் படமாகப் போட்டுக் காட்டுவேன். மாணவர்களுக்கு முதலில் சிரிப்பு வரும். பெரட்டு என்றால் என்னவென்று கேட்பவர்கள் ஆண்டுக்கு ஆண்டு கூடிக்கொண்டே போகிறார்கள். அவர்களுடைய தாத்தாக்களும் அந்த இருட்டில் நின்றவர்கள்தான்.

தோட்டத்தில் ஒரு விவரம் வேண்டுமென்றால் யாரும் புத்தகத்தைப் பார்ப்பதில்லை. கிராணியைக் கேட்பார்கள். எந்த அலமாரி, எந்தப் புத்தகம், எந்த வருஷம் எந்த முறையில் எழுதப்பட்டது என்பதெல்லாம் அவர் தலைக்குள் இருந்தது. அவர் லீவில் போனால் கணக்கும் லீவில் போகும். 1960-களின் கணினிகளும் ஏறக்குறைய இதே நிலைமையில்தான் இருந்தன. ஐபிஎம்மின் ஐஎம்எஸ் மென்பொருள் தரவுகளை மரம் போல் கிளைகிளையாக வைத்திருந்தது. சார்லஸ் பாக்மனின் முறை வலைபோலப் பின்னியிருந்தது. எதுவானாலும், எந்தக் கிளையில் ஏறி எந்தக் கண்ணியைப் பிடித்துப் போக வேண்டும் என்று தெரிந்த புரோகிராமர் ஒருவர் வேண்டும். பாக்மன் 1973-இல் கணினித் துறையின் டூரிங் விருது வாங்கியபோது ஆற்றிய உரையில் புரோகிராமரைக் கடலோடியாகவே உருவகித்தார். என் பாஷையில் அது கிராணி.

அந்தக் கிராணியை வேலையிலிருந்து நிறுத்தியவர் எட்கர் காட். 1923-இல் இங்கிலாந்தின் தென்கரையில் போர்ட்லாந்தில் பிறந்தவர், போர்க்காலத்தில் விமானம் ஓட்டியவர், பிறகு ஐபிஎம்முக்கு வந்த கணிதக்காரர். 1970 ஜூனில் சான் ஹோசேயிலிருந்து அவர் வெளியிட்ட கட்டுரையின் சாரம் ஒன்றுதான்: கேட்பவருக்கு என்ன வேண்டும் என்பது தெரிந்தால் போதும், அது எங்கே எப்படி அடுக்கப்பட்டிருக்கிறது என்ற தொல்லை அவருக்கு வேண்டாம். எல்லாவற்றையும் எளிய அட்டவணைகளாக வை, அட்டவணைகளைச் சேர்க்கவும் வடிக்கவும் ஒரு கணிதத்தைக் கொடு, வழி கண்டுபிடிப்பதை இயந்திரம் பார்த்துக்கொள்ளட்டும். அட்டவணைக்கு அவர் வைத்த பெயர் கணிதத்திலுள்ள ‘ரிலேஷன்’. தமிழில் உறவு என்கிறோம். மாமன் மச்சான் உறவு அல்ல. அதை விளக்கவே எனக்கு அரை மணி நேரம் போய்விடுகிறது.

ஐஎம்எஸ்ஸை விற்றுக் காசு பார்த்துக்கொண்டிருந்த ஐபிஎம்முக்கு இந்த யோசனையில் அவசரமில்லை. 1979-இல் முந்திக்கொண்டு கடைக்குக் கொண்டுவந்தவர்கள் ஆரக்கிள்காரர்கள். காட்டுக்கு 1981-இல் டூரிங் விருது கிடைத்தது.

கணிதம் வந்துவிட்டது, பேச ஒரு மொழி வேண்டுமே. 1974-இல் டொனால்ட் சேம்பர்லினும் ரேமண்ட் பாய்ஸும் ‘சீக்வல்’ என்று ஒன்றை முன்வைத்தார்கள். அந்தப் பெயர் ஒரு பிரிட்டிஷ் விமானக் கம்பெனியின் வணிகக்குறியாக இருந்ததால் பின்னர் எஸ்க்யூஎல் என்று சுருங்கியது. பாய்ஸ் அதே ஆண்டு, முப்பது வயதைத் தொடாமலே, மூளை இரத்தநாளம் வெடித்து இறந்துபோனார். இன்று உலகத்தின் வங்கிக் கணக்குகள் பல அவர் பெயர் தெரியாமல் அவருடைய வாக்கியத்தைச் சொல்லிக்கொண்டிருக்கின்றன.

அந்த வாக்கியம் ஆங்கிலத்தின் வரிசையில் அமைந்தது. ‘எடு’ என்ற வினை முதலில், ‘எதிலிருந்து’ அடுத்து, ‘எப்படிப்பட்டவற்றை’ கடைசியில். ஆனால் அதற்குப் பொருள்கொள்ளும் முறை இந்த வரிசை அல்ல. முதலில் எந்த அட்டவணை, பிறகு எந்த வரிகள், கடைசியில்தான் எந்தப் பெயரை எடுப்பது. இதை ஆங்கிலத்திலும் மலாயிலும் மாணவர்களுக்குப் புரியவைத்துக் களைத்து, ஒருநாள் தமிழில் சொல்லிப் பார்த்தேன்: தொழிலாளர் புத்தகத்திலிருந்து, மூன்றாம் லயத்து வீட்டுக்காரர்களின், பெயரை எடு. இயந்திரம் நினைக்கிற வரிசை அப்படியே வந்து உட்கார்ந்தது. நம் வினைச்சொல் வாக்கியத்தின் கடைசியில் காத்திருப்பது இதற்காவது பயன்பட்டது. பெருமையடிக்க இதைச் சொல்லவில்லை, ஜப்பானியரும் துருக்கியரும் இதே பெருமையை அடித்துக்கொள்ளலாம். ஆனாலும் 2024-இல் கூகுள் ஆய்வாளர்கள் ‘எதிலிருந்து’ என்பதை முன்னால் வைத்து எஸ்க்யூஎல்லைக் குழாய் குழாயாகத் தொடர்ந்து எழுதும் முறையை முன்வைத்தபோது, நம் பாட்டிமார்களைக் கேட்டிருந்தால் ஐம்பது வருஷம் மிச்சமாயிருக்குமே என்று தோன்றாமல் இல்லை.

இனி செக்ரோலுக்கு வருகிறேன். காட்டின் கண்ணால் பார்த்தால் அது மோசமான அட்டவணை. ஒரே செய்தி 31 பத்திகளாக நீட்டப்பட்டிருக்கிறது. நம்பர், தேதி, வந்த அளவு என்று மூன்றே பத்தியில், ஒரு வருகைக்கு ஒரு வரியாக எழுதியிருக்க வேண்டும். பெயர்ப் பத்தி அதைவிட மோசம். மலேசியத் தமிழர் பெரும்பாலோரின் அடையாள அட்டையில் பெயருக்கும் தகப்பன் பெயருக்கும் நடுவில் ‘ஏ/எல்’ அல்லது ‘ஏ/பி’ நிற்கும். இன்னாரின் மகன், இன்னாரின் மகள். உறவு ஒன்றைத் தூக்கி ஒரே கட்டத்துக்குள் போட்டு அடைத்திருக்கிறோம். ஒரு கட்டத்தில் ஒரு செய்திதான் இருக்க வேண்டும் என்பது காட்டின் அடிப்படை விதி, அதை நாம் பிறந்தவுடனேயே மீறிவிடுகிறோம். இதன் விலை சிறியதல்ல. சுப்ரமணியம் என்ற ஒரே தகப்பனாரை ரோமன் எழுத்தில் ஒரு குமாஸ்தா ஒரு விதமாகவும் இன்னொருவர் வேறு விதமாகவும் எழுதினால், கூடப்பிறந்தவர்கள் இருவர் கணினிக்கு இரண்டு தகப்பன்மாரின் பிள்ளைகள்.

ஆனால் என் கண் எப்போதும் போய் நிற்பது அந்தக் கரைந்த வரியில்.

தெரியாத ஒன்றை அட்டவணையில் எப்படி வைப்பது? காட் இதை விடாமல் யோசித்தவர். ‘நல்’ என்று ஒரு அடையாளம் வேண்டும் என்றார். அது பூஜ்யம் இல்லை, வெற்றெழுத்தும் இல்லை, மதிப்பே இல்லை என்பதற்கான குறி. 1985-இல் உறவுநிலைத் தரவுத்தளத்துக்கு அவர் விதிகளை வகுத்தபோது மூன்றாவது விதி இதைப் பற்றியதாக இருந்தது. 1990-இல் எழுதிய புத்தகத்தில் இன்னொரு படி போய், ஒரு குறி போதாது, இரண்டு வேண்டும் என்றார். இருக்கிறது, ஆனால் நமக்குத் தெரியவில்லை என்பதற்கு ஒன்று. இவருக்கு அது பொருந்தவே பொருந்தாது என்பதற்கு மற்றொன்று. எஸ்க்யூஎல் இந்த இரண்டாவது யோசனையை ஏற்றுக்கொள்ளவில்லை. எல்லா இல்லாமைக்கும் ஒரே நல்.

இந்த வித்தியாசம் புரிய எனக்குப் பாடநூல் தேவைப்படவில்லை, வீட்டிலேயே இரண்டும் இருந்தன. பாட்டிக்குப் பிறந்த தேதி தெரியாது. பிறந்தாள், அது உண்மை. தேதி ஒன்று இருந்தது, யாரும் எழுதிவைக்கவில்லை. “ஜப்பான்காரன் வந்தப்போ எனக்கு முன்பல்லு விழுந்திருந்துச்சு” என்பாள். ஜொகூருக்கு ஜப்பான்காரன் வந்தது 1942 ஜனவரியில். 1948-இல் அவசரகாலம் வந்து, 12 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கெல்லாம் அடையாள அட்டை எழுதினார்கள். எழுத வந்தவர் பல்லைக் கேட்டு, விரலை எண்ணி, 1935 ஜனவரி 1 என்று போட்டுவிட்டார். இது காட்டின் முதல் வகை. இரண்டாவது வகை நான். எனக்குக் குடும்பப் பெயர் கிடையாது. தெரியாமல் போகவில்லை, எனக்கு அப்படி ஒன்று இல்லை. ஆனால் வெளிநாட்டுப் படிவங்கள் நம்புவதில்லை. ஒற்றைப் பெயர் வைத்திருக்கும் நம்மவர்களுக்கு அமெரிக்க விசாவில் அந்தப் பெயர் குடும்பப் பெயர்க் கட்டத்துக்குப் போய், முதற்பெயர்க் கட்டத்தில் ‘எஃப்என்யூ’ என்று அச்சாகி வரும், முதற்பெயர் தெரியவில்லை என்று அர்த்தம். பொருந்தாததைத் தெரியாதது என்று எழுதுவதில் ஒரு அவமானம் இருக்கிறது. தாயும் தகப்பனும் கூப்பிட்ட பெயர் ஒருவருக்குத் தெரியாமல் போகுமா?

பாட்டிக்கு ஜனவரி முதல் தேதி போட்டவரைக் குறைசொல்லவும் எனக்கு மனம் வரவில்லை. காட்டின் நெருங்கிய சகாவாக இருந்த கிறிஸ் டேட், நல்லை வெறுத்தவர். அதற்குப் பதில் ஒரு சிறப்பு மதிப்பைப் போட்டுக்கொள்ளலாம் என்று வாதாடியவர். தோட்டத்துக்கு வந்த அந்த எழுத்தர், டேட் கட்சி. பிரச்சினை எங்கே என்றால், போட்ட மதிப்பு சிறப்பானது என்பதைப் பின்னால் வருபவர்கள் மறந்துவிடுகிறார்கள். அடையாள அட்டைக்குப் பன்னிரண்டு இலக்க எண் வந்தபோது பாட்டியின் எண் 350101-01 என்று தொடங்கியது. கடைசி 01 ஜொகூர். பிறந்த மாநிலம் தெரியாதவர்களுக்கென்று 82 என்ற எண்ணைப் பதிவிலாகா ஒதுக்கிவைத்திருக்கிறது. நேர்மையான எண், எனக்குப் பிடித்த எண். பாட்டியின் தேதிக்கு அந்தச் சலுகை கிடைக்கவில்லை.

சரி, நேர்மையாக நல் என்றே போட்டுவிட்டால்? அப்போது வேறு ஒரு விபரீதம். 1957 ஆகஸ்ட் 31-க்கு முன் பிறந்தவர்களை எடு என்று கேளுங்கள், தேதி தெரியாதவர் வரமாட்டார். அன்றோ அதற்குப் பின்னோ பிறந்தவர்களை எடு என்று கேளுங்கள், அதிலும் வரமாட்டார். உலகத்தில் பிறந்த எவரும் இந்த இரண்டில் ஒன்றில் இருந்தே தீர வேண்டும். எஸ்க்யூஎல்லில் அவர் இரண்டிலும் இல்லை. மெய், பொய், தெரியாது என்று மூன்று விடைகள் வைத்துக் கணக்குப் போடும் இயந்திரம், மெய் என்று உறுதியானவரை மட்டுமே வெளியே விடும்.

இன்னும் விசித்திரம் செக்ரோலில் இருக்கிறது. தோட்டத்தில் 50 பேர் என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாள் 46 பேருக்குப் பெயரோடு கோடு இருக்கிறது. கரைந்த வரி ஒன்று, அதிலும் கோடு. யார் வேலைக்கு வரவில்லை? ‘வந்தவர்களின் பட்டியலுக்குள் இல்லாதவர்’ என்று ஒரு விதமாக எழுதினால் கணினி ஒருவரையும் காட்டாது. கரைந்த வரி யாராகவும் இருக்கலாம் என்று எல்லோரையும் நிறுத்திவைத்துவிடும், காலியான திரையைப் பார்த்து எல்லோரும் வந்துவிட்டார்கள் என்று நாம் படித்துக்கொள்வோம். ‘வந்ததற்கு ஒரு வரிகூட இல்லாதவர்’ என்று வேறு விதமாக எழுதினால் நான்கு பேரைக் காட்டும். அந்த நால்வரில் ஒருவர் அன்று வேர்வை சிந்தியவர். அவருக்குச் சம்பளம் வெட்டு. கேள்வி ஒன்று, விடை இரண்டு, இரண்டையும் நம்பினால் தவறு. எடின்பரோவிலிருந்து பாவ்லோ குவாலியார்டோவும் லியோனிட் லிப்கினும் 2016-இல் இப்படிப்பட்ட பொய் விடைகளை ஆராய்ந்து எழுதினார்கள். நல் இருக்கும் தரவுகளில் எஸ்க்யூஎல் விடையைத் தவறவிடுவது மட்டுமல்ல, இல்லாததை உறுதியாகச் சொல்லவும் செய்யும் என்று காட்டி, அதைத் திருத்தி எழுத வழியும் சொன்னார்கள்.

இதற்கான அடிப்படை போலந்துக்காரர்கள் இருவர் போட்டது. இமியெலின்ஸ்கி, லிப்ஸ்கி என்ற அவ்விருவரின் 1984-ஆம் ஆண்டுக் கட்டுரை, குறையுள்ள அட்டவணையை ஓர் உலகமாகப் பார்க்கக் கூடாது என்கிறது. கரைந்த இடத்தில் என்னென்ன இருந்திருக்கலாமோ அத்தனை உலகங்களின் தொகுப்பு அது. எல்லா உலகங்களிலும் மெய்யாக இருப்பதே உறுதியான விடை. நம் தோட்டத்தில், இன்னார் வரவில்லை என்று ஒருவரையும் பெயர் சொல்லிக் காட்ட முடியாது. ஆனால் அந்த நால்வரில் மூவர் வரவில்லை என்பது எல்லா உலகத்திலும் உண்மை. அழகான யோசனை, ஆனால் செலவு பிடித்தது. கரைந்த இடங்கள் 20, ஒவ்வொன்றுக்கும் பத்துப் பேர் பொருந்துவார்கள் என்றால், உலகங்களின் எண்ணிக்கை ஒன்றுக்குப் பின்னால் 20 சுழியம்.

கிராணிக்கு இவ்வளவு சுழியம் தேவைப்பட்டிருக்காது. “நாலு பேர்ல மூணு பேரு வரல. யாருன்னு மண்டோரைக் கேட்டுட்டு வா” என்று சொல்லியிருப்பார். புத்தகத்தில் எங்கே கூரை ஒழுகியது என்று தெரிந்த ஒரே மனிதர் அவர். காட் நம்மை அவரிடமிருந்து விடுவித்தார், அது பெரிய விடுதலை, அதில் எனக்குச் சந்தேகமில்லை. எத்தனை கிராணிகள் கோட்டைத் தங்களுக்கு வேண்டியபடி போட்டார்கள் என்பது தோட்டத்தில் பிறந்தவர்களுக்குத் தெரியும். ஆனால் கிராணியை நீக்கியபோது, காலிக் கட்டத்துக்கு என்ன அர்த்தம் என்று தெரிந்தவரும் சேர்ந்து போய்விட்டார். இயந்திரத்திடம் எப்படிக் கேட்பது என்பதற்கு ஐம்பது வருஷ ஆராய்ச்சி இருக்கிறது. இயந்திரம் ‘இல்லை’ என்றால் எழுந்து போய் யாரையாவது கேட்க வேண்டும் என்ற பழக்கம்தான் போய்விட்டது.

ரேமண்ட் ரைட்டர் என்ற கனடாத் தர்க்கவாதி 1978-இல் இதற்கு ஒரு பெயர் வைத்தார்: மூடிய உலகம். பட்டியலில் இல்லாதது உலகத்தில் இல்லை என்று எடுத்துக்கொள்வது. லார்கின் பேருந்து நிலையத்தில் குளுவாங் வண்டி நேரம் பலகையில் இல்லையென்றால் அந்த நேரத்துக்கு வண்டி இல்லை. இதற்கு மூடிய உலகம் போதும். மனிதர்களுக்கு இது போதுமா? 1957-இல் குடியுரிமைக்குப் பதியாமல் விட்டவர்கள், திருமணத்தைப் பதியாமல் பிள்ளை பெற்றவர்கள், மருத்துவமனையில் அல்லாமல் லயத்தில் பிறந்த குழந்தையைப் பதிய டவுனுக்குப் போக ஒரு நாள் கூலியை விட முடியாதவர்கள். குடியுரிமை இல்லாத நிரந்தரவாசிகளுக்கான சிவப்பு ஐசியோடு (அடையாள அட்டை) கிழவர்களானவர்களை ஜொகூரில் பார்த்திருக்கிறேன், எந்த ஐசியும் இல்லாத அவர்களுடைய பேரன்களையும். 2011-இல் மைடஃப்தார் என்ற பெயரில் இந்தியர்களிடையே பதிவு இயக்கம் நடத்த வேண்டிவந்ததே, அந்தப் புத்தகத்தின் கூரை எவ்வளவு ஒழுகியிருக்கிறது என்பதற்குச் சாட்சி.

மலேசிய அரசமைப்பின் இரண்டாம் அட்டவணையில் 1(இ) என்று சொல்லப்படும் உட்பிரிவு, இந்நாட்டில் பிறந்து வேறெந்த நாட்டின் குடிமகனாகவும் பிறக்காதவருக்குக் குடியுரிமை தருகிறது. நாடற்றவராக யாரும் பிறந்துவிடக் கூடாது என்று வைத்த கதவு. அதைத் திருத்தும் யோசனை 2024-இல் எதிர்ப்புக்குப் பின் கைவிடப்பட்டது, நல்லதாயிற்று. ஆனால் எஸ்க்யூஎல்காரனின் கண்ணுக்கு அது செக்ரோலின் அதே கேள்வி: உலகத்தின் எந்தப் புத்தகத்திலும் ஒரு வரிகூட இல்லாதவர். இருப்பதைக் காட்ட ஒரு தாள் போதும். இல்லாததைக் காட்ட எத்தனை தாள் வேண்டும்? அதையும் தாளே இல்லாத ஒரு பையனிடம் கேட்கிறோம்.

இந்தத் துறையில் நம்மவர்கள் செய்ததைச் சொல்லாமல் விட முடியாது. நான் வகுப்பில் வைத்திருக்கும் பாடநூல்கள் இரண்டு. ஒன்றின் ஆசிரியர்களில் ஒருவர் ரகு ராமகிருஷ்ணன், மற்றதில் எஸ். சுதர்ஷன், இருவரும் சென்னை ஐஐடியில் படித்தவர்கள். அங்கேயே வேதிப்பொறியியல் படித்துக்கொண்டே கணினி அறையில் குடியிருந்து, பின் ஐபிஎம் போன சி. மோகன் தமிழ்நாட்டில் பிறந்தவர். 1992-இல் அவரும் சகாக்களும் வெளியிட்ட ‘ஏரிஸ்’ என்ற முறை இன்றுள்ள தரவுத்தளங்கள் பலவற்றின் உயிர். பக்கத்தை மாற்றுமுன் மாற்றப்போவதைக் குறிப்பேட்டில் எழுது. மின்சாரம் போய்த் திரும்பினால், நடந்ததை அப்படியே ஒருமுறை திரும்ப நடத்து, பிறகு முடியாமல் நின்றவற்றை மட்டும் அழி. எழுதி முடித்ததை எந்த விபத்தும் தின்னாது என்று அந்த முறை வாக்குக் கொடுக்கிறது. எழுதப்படாததைப் பற்றி அது எதுவும் சொல்லவில்லை. மோகனிடம் போய் அதைக் கேட்பதும் நியாயமில்லை.

செக்ரோல் கிடைத்த அதே கூலாயில் யங் தோட்டம் என்று ஒன்று. போஸ்டெட் வைத்திருந்த செம்பனைத் தோட்டம், 664 ஹெக்டர். அதை ஒய்டிஎல் நிறுவனம் வாங்கி, அதில் ஒரு பகுதியைத் தரவு மையப் பூங்காவாக்கிவிட்டது. மொத்தம் 500 மெகாவாட் என்பது திட்டம். என்விடியாவின் பெயரும் அங்கே வந்துவிட்டது. வடக்கே செடெனாக்கிலும் இதே கதை. பெரட்டு நடந்த மண்ணில் ஜன்னல் இல்லாத கட்டடங்கள் நிற்கின்றன. என் மாணவர்களில் சிலருக்கு அங்கே வேலை கிடைத்திருக்கிறது, சம்பளம் நல்ல சம்பளம். தாத்தா செம்பனைக் குலை தள்ளிய இடத்தில் பேரன் அட்டை காட்டிக் கதவைத் திறக்கிறான். அந்தக் கட்டடங்களுக்குள் உலகத்தின் யார் யாருடைய பிறந்த தேதிகளெல்லாமோ இருக்கும்.

பாட்டி இறந்தபோது மரணப் பத்திரத்தில் வயதை அச்சடித்துக் கொடுத்தார்கள். அந்த ஜனவரி முதல் தேதியிலிருந்து எண்ணிய வயது. கூட்டல் கழித்தலில் ஒரு பிழையும் இல்லை.

இதைப் படிக்கிறவர்களில் தோட்டத்து வீட்டைக் காலி செய்துவந்தவர்கள் இருப்பீர்கள். கட்டிலுக்கடியில் ஒரு தகரப்பெட்டி இருக்கும். அதில் செக்ரோல் பக்கமோ, சம்பளச் சீட்டோ, ரேஷன் புத்தகமோ, தோட்டத்து ஆஸ்பத்திரித் துண்டுச்சீட்டோ கிடந்தால், கரையான் அரித்ததென்று பழைய பேப்பர்காரனிடம் போட்டுவிடாதீர்கள். ஒரு தாயின் பெயரும் ஒரு தேதியும் உள்ள ஒரு வரி யாரோ ஒருவருக்குத் தேவைப்படலாம். பெயர் கரைந்திருந்தால், வீட்டில் இருக்கும் மூத்தவரிடம் இன்றைக்கே காட்டி யாருடைய வரி என்று கேளுங்கள். பதிலைப் பென்சிலில் பக்கத்தில் எழுதுங்கள், சொன்னவர் யார் என்பதையும் சேர்த்து. அவருக்கும் தெரியவில்லையென்றால், தெரியவில்லை என்றே எழுதிவையுங்கள்.